பூட்டிய ஷெட்டுக்குள் ஒரு ரிப்பேர்

"என்ன திருட்டுப் போச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒண்ணும் போகலை."

"எதையாவது உடைச்சாங்களா?"

"உடைக்கலை மேடம். உடைஞ்சு கிடந்ததைச் சரி பண்ணிட்டாங்க. அதான் புகார்."

ரேடியோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்தவரை நன்றாகப் பார்த்தான். தெருக்கோடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். ஐம்பதை எட்டிப் பிடிக்க இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. சலவைச் சட்டை, முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் கறுப்பு ஷூ. குடித்திருப்பாரோ என்று மோந்து பார்த்தான். கிராம்பு எண்ணெய் வாசம்தான் வந்தது.

ரேடியோ, அண்ணியின் கணவனுக்குத் தம்பி. வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர். அண்ணன் சரக்கு ரயில் ஓட்டுகிறான், அண்ணி துப்பறிகிறாள், இரண்டுக்கும் லாயக்கில்லாத தம்பி அண்ணிக்கு உதவியாளன். சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஆபீசில் மேஜை அண்ணிக்கு, ஸ்டூல் ரேடியோவுக்கு, நாற்காலி மாட்டிக்கொண்டு வருபவர்களுக்கு.

"புரியும்படியா சொல்லுங்க டாக்டர்."

"என்கிட்ட ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கு. மாமா ஊரை விட்டுப் போறப்ப விட்டுட்டுப் போனது. அதுல கிளச்சுக்குக் கேபிள் கிடையாது, எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யும். பல வருஷமா அந்த எண்ணெய் கசியுது. லீவரைப் பிடிச்சா பஞ்சு மூட்டையை அமுக்கற மாதிரி உள்ளே போகும், கியர் விழாது. இன்னிக்குக் காலையில ஷெட்டைத் திறந்து பிடிச்சுப் பாக்கறேன், கிண்ணுனு நிக்குது. தரையில ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பூட்டு பூட்டினபடியே இருக்கு."

"பிடிச்சுக் குடுத்தா என்ன பண்றதா உத்தேசம், மாலை போடவா?" என்றான் ரேடியோ.

டாக்டர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பூட்டின ஷெட்டுக்குள்ள ஆள் வந்திருக்கு தம்பி. இன்னிக்குக் கிளச்சு..."

"நாளைக்கு பிரேக்கையும் சரி பண்ணிட்டா குடி முழுகிடும்."

"தம்பி," என்றாள் அண்ணி. ரேடியோவின் ஒலி குறைந்தது.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் மேடம்."

"அது என்ன சாயங்காலக் கணக்கு?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணியும் அந்த ஷூவைத்தான் பார்த்தாள்.

போகும் வழியெல்லாம் டாக்டர் தெருவில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார்; கிளினிக்குக்கு எதிர்க்கடை யாருடையது என்று அண்ணி கேட்டதற்கு மட்டும் 'எதிர்க்கடைக்காரங்க' என்றதோடு சரி. ஷெட் டாக்டர் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்தது. தகரக் கூரை, பச்சைப் பெயிண்ட் அடித்த மரக்கதவு. உள்ளே மோட்டார் சைக்கிள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளித்து முழுகி நின்றது. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். இடது கைப்பிடியில் இருந்த சின்ன எண்ணெய்க் கிண்ணத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். புதுத் தேன் நிறம்.

"பழசு எப்படி இருந்தது?"

"தார் மாதிரி."

அண்ணி குழாய் போன வழியே விரலை ஓட்டிக்கொண்டு கீழே வந்தாள். எஞ்சின் ஓரத்தில், செயின் சக்கரத்துக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிலிண்டர். மேலே லீவரைப் பிடித்தால் எண்ணெய் வந்து இதற்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள வேண்டும். பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல். கசிந்தால் அங்கேதான் கசியும்.

"சீல் புதுசு, எண்ணெய் புதுசு. வேலை முடிஞ்சதும் தண்ணி ஊத்திக் கழுவியிருக்காங்க. ஏன் தெரியுமா தம்பி? இந்த எண்ணெய் பட்டா பெயிண்ட் கொப்புளிச்சு உரிஞ்சு வந்துடும். டேங்க் மேல ஒரு பொட்டு விழாம பாத்திருக்காங்க."

"திருடன் மாதிரியே இல்லையே அண்ணி. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பதவிசா இருக்கான்."

"ஆனா கையைக் கழுவறதுக்கு முன்னாடி கதவைத் தொட்டுட்டாங்க." பச்சைக் கதவில், தாழ்ப்பாளுக்குக் கீழே, பெருவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் பப்படம் போல் உப்பியிருந்தது. அண்ணி தரையைக் காட்டினாள். கைப்பிடிக்குக் கீழே புழுதியில் நாலு வட்டத் தடங்கள். "இங்க நாற்காலி போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காங்க."

"களைச்சுப் போன திருடன்."

"குழாய்க்குள்ள காத்து புகுந்துட்டா கிளச்சு பிடிக்காது. காத்தை வெளியேத்தணும். மேல லீவரைப் பிடிச்சு வெச்சுக்கணும், கீழ திருகைத் திறந்து காத்தை விட்டு மூடணும், அப்புறம் லீவரை விடணும். பிடி, திற, மூடு, விடு. ஒரே ஆளா எட்டிச் செய்யறவங்களும் உண்டு. ஆனா அவங்க கைப்பிடிக்குப் பக்கத்துல நாற்காலி போட மாட்டாங்க. வந்தது ரெண்டு பேர். ஒருத்தர் கீழ வேலை பாத்தாங்க. இன்னொருத்தர் உக்காந்து லீவரைப் பிடிச்சாங்க. ரொம்ப நேரம் நிக்க முடியாதவங்க."

"இல்லை நிக்கப் பிடிக்காதவங்க. எங்க அண்ணன் நேத்து எங்கே இருந்தான்?"

அண்ணி எழுந்து வண்டியின் கண்ணாடிக்கு நேராக முகத்தைக் கொண்டு போனாள். பின்னால் இருந்த சுவர் அதில் தெரியவில்லை. அவள் மூக்கும் நெற்றிப்பொட்டும்தான் தெரிந்தன. "ம்," என்றாள்.

அண்ணியின் 'ம்' பல வகை. இது, மூட்டைக்குள் பூனை இருக்கிறது, இன்னும் அவிழ்க்கவில்லை என்கிற 'ம்'.

ஷெட் சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. ஹாலில் டாக்டரின் அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயரானவர், தெருவுக்கே பெரியம்மா. முட்டி போய்விட்டது, குரல் போகவில்லை. கைத்தடியின் பிடியில் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது.

"நேத்து யாராவது வந்தாங்களாம்மா?" என்றாள் அண்ணி.

"இவன் பல் டாக்டருங்க கூட்டத்துக்குப் போயிட்டான். நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதே பெரிய பாடு. எனக்கு என்ன தெரியும்?" என்றவர் ரேடியோவை மேலும் கீழும் பார்த்தார். "நிமிந்து நில்லுடா. கூன் விழுந்துடும்."

ரேடியோ நிமிர்ந்தான்.

அந்த மாதிரிப் பழைய வண்டிக்கு சீல் விற்கும் கடை ஊரில் ஒன்றுதான் இருந்தது. கூரையிலிருந்து டயர்களும் செயின்களும் தொங்க, நடுவில் கடைக்காரர் குகைக்குள் கரடி மாதிரி உட்கார்ந்திருந்தார். ரேடியோ வண்டியின் மாடலைச் சொல்லி முடிக்கவில்லை, அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அந்த வண்டியா? அது வண்டி இல்லை சார், என் மானப் பிரச்சினை. மெக்கானிக் வருவார், சீல் வாங்கிட்டுப் போவார். மாசம் திரும்பறதுக்குள்ள மறுபடி வந்து நிப்பார், கசியுதும்பார். நான் விக்கற சீல் வருஷக் கணக்கா உழைக்கும். அந்த ஒரு வண்டிக்கு மட்டும் அல்பாயுசு. மெக்கானிக்கே வெறுத்துப் போய் விட்டுட்டார்."

"இப்போ கடைசியா வாங்கினது யாரு?" என்றாள் அண்ணி.

"முந்தாநாள் ஒரு அம்மா வந்தாங்க. நம்ம கடைக்குப் பொம்பளைங்க வர்றதே அபூர்வம், அதனால ஞாபகம் இருக்கு. நான் குடுத்த சீலை வாங்கி, கண்ணுல ஒரு சின்னக் குழாயைச் சொருகிக்கிட்டுப் பாத்தாங்க. 'இது மயிரிழை பெரிசு, வேற குடுங்க'ன்னாங்க. அளந்து பாத்தா நிஜமாவே பெரிசு."

கண்ணில் சொருகும் குழாய். ரேடியோவுக்கு உடனே புரிந்துவிட்டது. "வாட்ச்சக்கா," என்றான்.

டாக்டர் கிளினிக்குக்கு நேர் எதிரே கடிகாரம் பழுது பார்க்கும் கடை. அதை நடத்துபவளைத் தெருவில் சின்னப் பிள்ளையிலிருந்து போஸ்ட்மேன் வரை வாட்ச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவங்க தனியாவா வந்தாங்க?"

"தனியாத்தான். ஆனா போன் காதை விட்டு இறங்கலை. 'சரிங்க அத்தை, சீல் வாங்கிட்டேன் அத்தை, செம்பு வாஷரும் வாங்கிட்டேன் அத்தை'ன்னு."

வெளியே வந்ததும் அண்ணி நின்றாள். "கல்யாணம் ஆகாத பொண்ணு. அத்தை எங்கேருந்து முளைச்சாங்க?"

"அப்பா கூடப் பிறந்தவங்க இருக்கக் கூடாதா அண்ணி?"

"இருக்கலாம். கேட்டுட்டா போச்சு."

கடிகாரக் கடை பாதி காலியாக இருந்தது. சுவரில் கடிகாரங்கள் தொங்கிய இடத்தில் வெளுத்த வட்டங்கள். வாட்ச்சக்கா ஒவ்வொரு கடிகாரமாகப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கடையைக் காலி பண்றீங்களா?"

"நாளைக்கு ரயில் ரேடியோ. எங்கண்ணன் அவர் ஊருக்கே வந்து கடை போடச் சொல்றார். இங்கே யாருக்காக இருக்கேன்?" சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த கடிகாரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுற்றினாள்.

அண்ணி கண்ணாடிப் பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "உங்க அத்தை சௌக்கியமா?"

"எந்த அத்தை? எங்கப்பா ஒத்தைப் பிள்ளை, எனக்கு அத்தையே..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காதோரம் வரை சிவந்து போயிற்று.

"அப்போ போன்ல பேசினது வரப்போற அத்தை," என்றாள் அண்ணி.

வாட்ச்சக்கா இழுப்பறையைத் திறந்து ஒரு கறுத்த ரப்பர் வளையத்தை எடுத்து வைத்தாள். கண்ணில் சொருகும் பூதக்கண்ணாடியையும் கூடவே நீட்டினாள்.

"வண்டியிலேருந்து கழட்டின பழைய சீல். நீங்களே பாருங்க."

அண்ணி பார்த்தாள். ரேடியோவும் பிடுங்கிப் பார்த்தான். வளையத்தின் உதட்டில் மெல்லிய பிறை போல ஒரு கீறல்.

"தேய்ஞ்சு போனா இப்படி இருக்காது. யாரோ கீறியிருக்காங்க, முனை வளைஞ்ச ஊசியால. என்கிட்ட இருக்கிற ஊசியெல்லாம் நேர் ஊசி." அவள் எதிரே கிளினிக் பலகையைப் பார்க்காமல் பேசினாள். "அவர் ஒரு நாள் இங்கே நின்னு சொன்னார், 'வண்டி சரியாகட்டும், உங்களை ஏத்திக்கிட்டு ஏரிக்கரைக்குப் போறேன், அங்கே வெச்சு ஒண்ணு கேக்கணும்'னு. நானும் சரியாகும் சரியாகும்னு இருந்தேன். போன வாரம் அவங்கம்மா கடிகாரத்துக்கு சாவி குடுக்கப் போனப்ப, அவங்களே கேட்டாங்க, 'உன்கிட்ட இன்னும் ஏன் கேக்கலை இவன்'னு. வண்டி சரியாகலையேன்னேன். 'அதுதானே, நம்ம ரெண்டு பேரும் சரி பண்ணிடுவோம்'னாங்க."

"பண்ணியும் காட்டிட்டீங்க."

"சீலைக் கழட்டின பிறகுதான் கீறலைப் பாத்தேன். அத்தைகிட்ட சொல்லலை. கேக்கவே வேண்டாம்னு இருக்கிறவர்கிட்ட போய், கேளுங்கன்னு நான் எப்படிச் சொல்ல? வேலையை முடிச்சுட்டு வந்து பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டேன்."

டாக்டரைப் பற்றி வாய்க்கு வந்த நாலு வார்த்தையை ரேடியோ விழுங்கிக்கொண்டான். அவனுக்கே அது புது அனுபவமாக இருந்தது.

"அந்த சீலை எடுத்துக்கிட்டு எங்க பின்னாடியே வாங்க," என்றாள் அண்ணி. "வாசல்லயே நில்லுங்க. நான் கூப்பிடறப்ப உள்ளே வந்தா போதும்."

டாக்டர் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "கிடைச்சானா மேடம்?"

"கிடைச்சாங்க. அம்மா, அந்தக் கைத்தடியைக் கொஞ்சம் குடுங்க."

பெரியம்மா நீட்டவில்லை. அண்ணி குனிந்து பிடியில் சுற்றியிருந்த கைக்குட்டையை மட்டும் அவிழ்த்தாள். பிடியில் வார்னிஷ் கொப்புளித்து, வெயிலில் உரிந்த தோல் மாதிரி தொங்கியது.

"லீவரைப் பிடிச்ச கையில எண்ணெய் வழிஞ்சிருக்கு. அதே கையால தடியைப் பிடிச்சிருக்கீங்க."

"பிடி, விடுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே பழைய டிரில் பீரியட் ஞாபகம் வந்துடுச்சு," என்றார் பெரியம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "வேலை எப்படி? பழுது சொல்ல முடியுமா?"

"அம்மா, நீங்களா?" டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "கூட யாரு?"

"அது உங்களுக்கே தெரியும்," என்றாள் அண்ணி. "தெருவே அவங்களை வாட்ச்சக்கான்னு கூப்பிடுது. நீங்க ஒருத்தர்தான் அக்கான்னு சொல்றதில்லை. காலையிலேருந்து நீங்க அவங்க பேச்சையே எடுக்கலை, தெருவில உள்ள எல்லாரைப் பத்தியும் சந்தேகப்பட்டீங்க. போற வழியில நான் எதிர்க்கடை யாருதுன்னு கேட்டதுக்குக்கூட 'எதிர்க்கடைக்காரங்க'ன்னீங்க. அக்கான்னு சொல்ல நாக்கு வரலை. திருடங்க விஷயம் அதோட முடிஞ்சது. நான் தேடினது வேற ஆளை. சீலைக் கீறினவரை."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"கீறினது பல்லைக் கிளறுற கொக்கி ஊசி. அதை வெச்சிருக்கிறவர் இந்தத் தெருவுல ஒருத்தர்தான். மெக்கானிக் மாத்த மாத்த நீங்க கீறிக்கிட்டே இருந்திருக்கீங்க."

ரேடியோவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "கேக்க இஷ்டமில்லைன்னா முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே டாக்டர். ஒரு பொண்ணை இத்தனை வருஷம் உக்கார வெச்சு, ஒரு ரப்பர் வளையத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு..."

"தம்பி, அவசரப்படாதே. அவர் இடது ஷூவைப் பாரு."

ரேடியோ பார்த்தான். பளபளவென்று இருந்தது.

"கியர் போடறவன் இடது ஷூவுல, பெருவிரலுக்கு மேல தேய்ஞ்ச தடம் இருக்கும். எத்தனை பாலிஷ் போட்டாலும் மறையாது. இவருக்கு இல்லை. வண்டிக் கண்ணாடி பின்னாடி வர்ற லாரியைப் பாக்கத் திருப்பலை, நின்னபடியே தலை சீவத் திருப்பியிருக்கு. டாக்டருக்குக் கேள்வி கேக்க பயமில்லை. ஏரிக்கரைக்குப் போற வழிதான் பயம்." அண்ணியின் குரல் இறங்கியது. "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சரிதானே டாக்டர்?"

டாக்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவங்க கடை திறந்த அன்னிக்கு நான் வண்டியைத் துடைச்சுக்கிட்டு நின்னேன்," என்று விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "நல்ல வண்டி, நீங்கதான் ஓட்டுவீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஒரே ஒரு ஆமா, மேடம். அப்புறம் அதை எங்கே கொண்டு போய் வைக்கறதுன்னு தெரியலை. சரி பண்ணினது யாரா இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள பிடிச்சு வாயை மூடச் சொல்லணும்னு பாத்தேன். வண்டி சரியாயிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா வந்து நிப்பாங்க. நாளைக்கு ரயில். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"ஹாஸ்டல்ல படிக்கறப்ப ஓட்டினேன்னு என்கிட்ட சொன்னியேடா," என்றார் பெரியம்மா.

"பின்னாடி உக்காந்து போனேம்மா."

அண்ணி கூப்பிடுவதற்கு முன்பே வாட்ச்சக்கா உள்ளே வந்துவிட்டாள். கையில் பழைய சீல். டாக்டர் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"இதுக்காகவா?" என்றாள் அவள். "இந்த ஒண்ணுக்காகவா?"

அவள் அழப் போகிறாள் என்று ரேடியோ நினைத்தான். அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க. எனக்கு ஓட்டத் தெரியும். நீங்க இத்தனை நாள் கேக்கவே இல்லை."

வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம், சுற்றிலும் செடி வேலி. ரேடியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பெரியம்மாவுக்கு நாற்காலி போட்டவனும் அவன்தான். டாக்டர் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, ஊசி போட வந்த குழந்தை மாதிரி விழித்தார்.

"கிளச்சைப் பிடிங்க. கியரைப் போடுங்க. இப்போ மெதுவா, ரொம்ப மெதுவா விடுங்க," என்றாள் வாட்ச்சக்கா.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. விழவில்லை. மைதானத்தைச் சுற்றியது. டாக்டரின் முகம் அப்படியே மலர்ந்தது. ஒரு சுற்று வந்ததும் மலர்ச்சி கொஞ்சம் குறைந்தது.

"எப்படி நிறுத்தறது?" என்று கேட்டுக்கொண்டே அவர்களைக் கடந்து போனார்.

"கிளச்சு, பிரேக்கு," என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தியதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த சுற்றில் வந்தபோது வேறு முடிவுக்கு வந்திருந்தார்.

"நாளைக்கு நீங்க ஊருக்குப் போறதைப் பத்தி," என்று சொல்லிக்கொண்டே போனார்.

மறுபடி வந்தார். "எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. அதாவது..."

"சுருக்கமா கேளுடா, பெட்ரோல் தீந்துடும்," என்றார் பெரியம்மா.

மைதானத்தின் அந்தக் கோடியில் வண்டி திரும்பியது. திரும்பி நேராக வந்தது. "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டபடியே டாக்டர் அவர்கள் முன்னால் காற்றாகப் போய்விட்டார்.

வாட்ச்சக்கா போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள்.

"அண்ணா, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வராதீங்க. இல்லை, உடம்புக்கு ஒண்ணும் இல்லை. காரணமா? அப்புறம் விவரமா சொல்றேன். இங்கே ஒருத்தருக்கு நிறுத்தக் கத்துக் குடுக்கணும்."

பெரியம்மா கைத்தடியால் தரையைத் தட்டினார். அண்ணி ரேடியோ பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பதுபோல் வேர்வையைத் துடைத்தாள், அல்லது வேர்வையைத் துடைப்பதுபோல் கண்ணை.

"என்ன சொன்னாங்க?" என்று டாக்டர் மறுபடி வந்தார்.

அதுவரை அவ்வளவு சந்தோஷமாக ரேடியோ எந்தச் செய்தியையும் ஒலிபரப்பியதில்லை. "சரின்னுட்டாங்க டாக்டர்," என்று இரண்டு கையையும் குவித்துக் கத்தினான்.

டாக்டரும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. வண்டி தன் இஷ்டத்துக்குப் போய் வேலிக்குள் மூக்கை நுழைத்து, ஒரு விக்கல் விக்கி அணைந்தது. டாக்டர் செடிக்குள் மல்லாந்து கிடந்தார். தலைமுடி முழுக்க இலை.

எல்லாரும் ஓடினார்கள். வாட்ச்சக்காதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எஞ்சின் ஓரத்துச் சிலிண்டருக்கு அடியில் விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கசியலை," என்றாள்.

அப்புறம்தான் அவருக்குக் கை கொடுத்தாள்.